தாளில் இறங்கும் கவலை

வேண்டாத நினைப்பு விரட்டினால் போகாது. மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டால், கிண்ணத்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம் குரங்குதான் முன்னால் வந்து நிற்கும் என்பது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987-இல் இதையே சோதனையாகச் செய்து பார்த்தார். அவர் எடுத்துக்கொண்டது வெள்ளைக் கரடி. 5 நிமிடம் தனியே உட்கார்ந்து மனத்தில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்கக் கூடாது. நினைத்துவிட்டால் மேசை மேலிருக்கும் மணியை அடிக்க வேண்டும். நிமிடத்துக்கு ஒரு முறையாவது மணி அடித்தது. அடுத்த 5 நிமிடம் தாராளமாக நினைக்கலாம் என்று விட்டார்கள். முதலிலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட, முன்னால் அடக்கி வைத்திருந்தவர்களுக்குத்தான் கரடி அதிகம் வந்தது. அடக்கிய நினைப்பு வட்டியோடு திரும்பி வருகிறது.

ஒரு நினைப்பு வரவில்லை என்று உறுதிசெய்ய, அது வருகிறதா என்று மனத்தின் ஒரு மூலை காவல் காத்துக்கொண்டே இருக்க வேண்டும். காவல் காப்பதென்றால் யாருக்காகக் காத்திருக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. பகலில், வேலை மும்முரத்தில், இது தெரிவதில்லை. இரவு விளக்கணைத்துப் படுத்து மற்ற சத்தமெல்லாம் அடங்கியதும் அது ஒன்றுதான் மிஞ்சுகிறது. ‘அதையே நினைச்சுக்கிட்டு இருக்காதே, விட்டுத் தள்ளு’ என்று வீட்டார் நல்லெண்ணத்தோடு சொல்வது பெரும்பாலும் பலிக்காமல் போவதற்குக் காரணம் இதுதான்.

விரட்டாமல், அந்த நினைப்பைப் பிடித்துத் தாளில் எழுதிப் பார்ப்பது இன்னொரு வழி. கடந்த 40 ஆண்டுகளில் உளவியல் ஆய்வாளர்கள் நூற்றுக்கணக்கான தடவை இதைச் சோதித்திருக்கிறார்கள். பலன் இருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் இல்லை. எப்படி எழுதினாலும் கிடைத்துவிடுவதும் இல்லை. மனத்தை அரிப்பது எந்த வகை நினைப்போ, அதற்கேற்ப எழுதும் முறையும் மாற வேண்டியிருக்கிறது.

முடியாத காரியங்கள்

மிகச் சாதாரணமானது, இன்னும் முடிக்காத காரியங்களைப் பற்றிய நினைப்பு. கேஸ் புக் பண்ண வேண்டும், பள்ளிக் கட்டணத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள், அம்மா மாத்திரை வாங்கினாளா என்று ஊருக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டும். ஒவ்வொன்றும் சின்ன விஷயம்தான். இரவு 11 மணிக்கு எல்லாமே வரிசைகட்டி வந்து நிற்கும்.

இதை முதலில் ஆராய்ந்தவர் புளூமா சைகார்னிக். லிதுவேனியாவில் பிறந்து பெர்லினில் படித்தவர். அவருடைய பேராசிரியர் கர்ட் லெவின் ஓட்டலில் ஒன்றைக் கவனித்ததாகச் சொல்வார்கள்: பில் தீரும் வரை யார் என்ன சாப்பிட்டார்கள் என்று பிசகாமல் சொல்லும் சர்வர், பணம் வந்ததும் அத்தனையையும் மறந்துவிடுகிறார். 1927-இல் வெளியான சைகார்னிக்கின் ஆய்வில், களிமண் பொம்மை செய்வது, புதிர் போடுவது என்று சுமார் 20 சின்ன வேலைகளைக் கொடுத்து, பாதியை முடிக்க விட்டு, மீதியை நடுவில் நிறுத்திவிட்டார்கள். பிறகு கேட்டபோது நடுவில் நின்றவையே அதிகம் ஞாபகம் வந்தன. பின்னாளில் மற்றவர்கள் செய்து பார்த்தபோது இந்த ஞாபக வித்தியாசம் எப்போதும் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பாதியில் விட்டதை எடுத்து முடித்துவிட வேண்டும் என்ற தவிப்பைத்தான் இன்னும் உறுதியாக நம்ப முடிகிறது.

அந்தத் தவிப்பு அடங்க வேலையை முடித்தே ஆக வேண்டுமா? தேவையில்லை என்று 2011-இல் மஸிகாம்போவும் ராய் பாமைஸ்டரும் காட்டினார்கள். முடிக்காத வேலையை மனத்தில் வைத்துக்கொண்டு கதை படித்தவர்களுக்குக் கவனம் சிதறியது. அதை எப்போது, எப்படிச் செய்வது என்று முதலிலேயே திட்டம் போட்டுவிட்டவர்களுக்கு அவ்வளவாகச் சிதறவில்லை. வேலை அப்படியேதான் இருந்தது, ஒரு அடிகூட நகரவில்லை. அதற்கு ஒரு நாளும் நேரமும் குறித்ததே மனத்துக்குப் போதுமானதாக இருந்தது.

2018-இல் அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கல்லின் குழு இதைத் தூக்கத்தில் வைத்துப் பார்த்தது. 18 முதல் 30 வயதுள்ள 57 பேரைத் தூக்க ஆய்வுக்கூடத்தில் ஓர் இரவு தங்கவைத்தார்கள். படுப்பதற்கு முன் 5 நிமிடம் எழுத வேண்டும். பாதிப் பேர் வரும் நாட்களில் செய்ய வேண்டியதை எழுதினார்கள். மீதிப் பேர் அண்மையில் செய்து முடித்ததை எழுதினார்கள். தலையில் மின்முனைகள் ஒட்டித் தூக்கம் எப்போது தொடங்குகிறது என்று அளந்தபோது, செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சுமார் 9 நிமிடம் முன்னதாகவே தூங்கிப்போயிருந்தார்கள். நாளைய வேலையை எழுதினால் கவலை கூடும் என்றுதான் யாருக்கும் தோன்றும், நடந்தது நேர்மாறு. பட்டியல் நீளமாகவும் விவரமாகவும் இருந்தவர்கள் இன்னும் சீக்கிரம் தூங்கினார்கள். ஒரே இரவு, அதுவும் தூக்கக் கோளாறு இல்லாத இளைஞர்கள் என்பதால் இதைத் தூக்கமின்மைக்கு மருந்தென்று சொல்லிவிட முடியாது.

விவரமாக என்றால், ‘பேங்க் வேலை’ என்று இரண்டு சொல்லில் முடித்துவிடாமல், ‘செவ்வாய் காலை 10 மணிக்குக் கிளைக்குப் போய் அப்பா கணக்கில் நாமினி பெயர் மாற்ற வேண்டும், பாஸ்புக், ஆதார் நகல் இரண்டும் இன்றே பையில்’ என்று எழுதுவது. முதல் வகையில் என்ன வேலை, எப்போது என்று யோசிக்க வேண்டிய பாரம் மனத்திலேயே தங்கிவிடுகிறது.

வெளியே சொல்லாதது

பட்டியலில் அடங்காத நினைப்புகள் உண்டு. நடந்து பல வருடமாகியும் ஆறாதது, யாரிடமும் சொல்ல முடியாதது. இந்த வகையில்தான் ஆராய்ச்சி அதிகம். அதைத் தொடங்கிவைத்தவர் ஜேம்ஸ் பென்னிபேக்கர்.

1980-களின் தொடக்கத்தில் பென்னிபேக்கர், பொய் கண்டறியும் கருவியை இயக்குபவர்களோடு பழகிவந்தார். அவர்கள் சொன்ன விநோதம் இது: விசாரணையில் குற்றத்தை ஒப்புக்கொண்டவுடன் ஆளின் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்கி, மூச்சு சீராகிவிடுகிறதாம். வங்கிப் பணத்தைக் கையாடிய ஓர் அதிகாரி, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட பிறகு நிம்மதியாகத் தெரிந்தார். சிறை உறுதி, மானம் போய்விட்டது, இருந்தும் நிம்மதி. பிறகு, விசாரித்தவருக்கே சிறையிலிருந்து கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினார். இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. கணவனையோ மனைவியையோ விபத்திலோ தற்கொலையிலோ பறிகொடுத்தவர்களை விசாரித்தபோது, நண்பர்களிடம் அதைப் பேசியவர்களைவிட உள்ளேயே வைத்துக்கொண்டவர்களுக்குத்தான் அடுத்த ஆண்டில் உடல் உபாதைகள் அதிகம் இருந்தன. 1984-இல் வெளியான சிறிய ஆய்வு அது. பேசுவதற்கு ஆள் வேண்டும். ஆள் கிடைத்தாலும் அவர் என்ன நினைப்பாரோ என்ற பயம் உண்டு. எழுதினால்?

சாண்ட்ரா பீல் என்ற மாணவியோடு சேர்ந்து டெக்சாஸ் மாநிலம் டல்லஸிலுள்ள சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் அவர் செய்த சோதனை 1986-இல் அச்சானது. 46 மாணவர்கள். தொடர்ந்து 4 நாள், நாளுக்கு 15 நிமிடம், தனி அறை. ஒரு குழு காலணி, அறை போன்ற சாதாரண விஷயங்களைப் பற்றி எழுதியது. மற்ற மூன்று குழுக்களும் வாழ்க்கையில் தங்களை மிகவும் பாதித்த ஒன்றைப் பற்றி எழுதின. ஆனால் ஒரு குழு நடந்ததை மட்டும், இன்னொன்று உணர்ச்சியை மட்டும், மூன்றாவது இரண்டையும் சேர்த்து. எழுத்துப் பிழை, இலக்கணம் எதையும் பார்க்க வேண்டாம், பேனாவை நிறுத்தாமல் எழுத வேண்டும், எழுத ஒன்றுமில்லை என்றால் எழுதியதையே திரும்ப எழுதலாம் என்பதுதான் விதி.

எழுதி எழுந்தவர்கள் தெளிவாகிப் போனார்கள் என்று நினைத்தால் தவறு. ரத்த அழுத்தம் ஏறியிருந்தது, மனநிலை முன்பைவிட மோசமாகியிருந்தது. வித்தியாசம் பிறகுதான் தெரிந்தது. அடுத்த 6 மாதங்களில், நடந்ததையும் உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள் பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போனது மற்றவர்களைவிடக் குறைவு. நடந்ததை மட்டும் போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதுவதுபோல வரிசையாக எழுதியவர்களுக்கும், காலணியைப் பற்றி எழுதியவர்களுக்கும் பெரிய வேறுபாடில்லை.

அதன் பிறகு ஆய்வுகள் பெருகின. 1988-இல் பென்னிபேக்கர் ஓஹியோவின் கீகோல்ட்-கிளேசர் தம்பதியோடு சேர்ந்து 50 மாணவர்களின் ரத்தத்தைச் சோதித்தபோது, மனத்திலிருந்ததை எழுதியவர்களின் வெள்ளணுக்கள் அந்நியப் பொருளை எதிர்த்துத் துடிப்பாகப் பெருகுவது தெரிந்தது. 1999-இல் ஆஸ்துமாவோ முடக்குவாதமோ உள்ள நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் ஜோஷுவா ஸ்மித் செய்த ஆய்வு, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது: 4 மாதம் கழித்து, எழுதியவர்களில் 47 சதவீதம் பேருக்கு மருத்துவர் ஏற்கும்படியான முன்னேற்றம், சாதாரண விஷயம் எழுதியவர்களில் 24 சதவீதம் பேருக்கு. இவற்றில் சுவாரசியமானது 1994-இல் வந்த ஆய்வு. திடீரென வேலை போன 63 பேர், பெரும்பாலும் நடுத்தர வயதுக்காரர்கள். வேலை போனதைப் பற்றி மனம்விட்டு எழுதியவர்களுக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் வேறு வேலை கிடைத்தது. அவர்கள் ஒன்றும் கூடுதலாக விண்ணப்பம் போடவில்லை. பழைய கம்பெனி மீதிருந்த ஆத்திரம் தணிந்து நேர்காணலுக்குப் போனதால் இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

இந்த முடிவுகளைப் படித்துவிட்டு நோட்டுப் புத்தகத்தை மாத்திரைக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2006-இல் ஜோன் ஃப்ராட்டரோலி 146 ஆய்வுகளைத் திரட்டிக் கணக்கிட்டபோது, சராசரிப் பலன் இருப்பது உறுதியானது. ஆனால் அது சிறியது என்பதும் உறுதியானது. செலவில்லாத, சில மணி நேரத்தில் முடிகிற ஒரு காரியத்துக்கு அந்தச் சிறிய பலனே மோசமில்லை.

எழுத்தில் என்ன நடக்கிறது

உள்ளே அடைத்துக் கிடப்பதைக் கொட்டிவிட்டால் பாரம் குறைகிறது என்பது பொதுவான நம்பிக்கை. பென்னிபேக்கரும் முதலில் ஏறக்குறைய அப்படித்தான் எண்ணினார். கொட்டுவது மட்டுமே காரணமென்றால், உணர்ச்சியைக் கொட்டிய அத்தனை பேருக்கும் குணம் தெரிந்திருக்க வேண்டும். எழுதியவற்றைக் கணிப்பொறியில் போட்டுச் சொல் சொல்லாக எண்ணிப் பார்த்தபோது வேறொரு படம் தெரிந்தது. 1997-இல் வெளியான அந்த அலசலின்படி, அதிகம் பயன்பெற்றவர்களின் எழுத்தில் ‘ஏனென்றால்’, ‘அதனால்’, ‘புரிகிறது’ போன்ற சொற்கள் முதல் நாள் குறைவாக இருந்து கடைசி நாளை நெருங்க நெருங்கக் கூடியிருந்தன. முதல் நாளே கோவையான கதையோடு வந்து உட்கார்ந்தவர்களுக்கு எழுதியதால் பெரிய லாபமில்லை. 2003-இல் செய்த இன்னோர் அலசலில், நாளுக்கு நாள் ‘நான்’ என்பதிலிருந்து மற்றவர் பக்கம் போய்த் திரும்பி வந்தவர்கள், அதாவது பார்வையை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தவர்கள், உடல்நலத்தில் மேலாக இருந்தார்கள்.

உதாரணத்துக்கு ஒருவரை வைத்துக்கொள்வோம். அப்பா காலமானதும் ஊரிலிருந்த வீட்டை அண்ணன் தன் பெயருக்குப் பத்திரம் பண்ணிக்கொண்டார். தம்பிக்கு அந்த நினைப்பு 6 வருடமாகத் தூக்கத்தைக் கெடுக்கிறது. முதல் நாள் எழுதும்போது ‘அண்ணன் ஏமாத்திட்டான், கூடப் பொறந்தவனே இப்படிப் பண்ணலாமா’ என்பதே நாலு விதமாகத் திரும்பத் திரும்ப வரும். இரண்டாம் நாள் சில காட்சிகள் வரும்: காரியம் முடிந்த மறுவாரம், திண்ணையில் பெரியப்பா, கூடத்தில் அண்ணி, வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த அம்மா. மூன்றாம் நாள், ‘அம்மா ஏன் பேசலைன்னு இப்பதான் யோசிக்கிறேன். அவங்க இருக்கறது அண்ணன் வீட்ல. பேசிட்டு அங்கயே எப்படிச் சாப்பிடுவாங்க’ என்று பேனா வேறு பக்கம் திரும்பும். நான்காம் நாள், ‘வீடு போனதுகூடப் போகட்டும். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. அதான்’ என்று வந்து நிற்கும். வீடு திரும்பி வரவில்லை. அண்ணனை மன்னித்ததாகவும் சொல்ல முடியாது. ஆனால் 6 வருடமாக மனத்தில் உருவமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது இப்போது ஒரு வாக்கியமாகச் சுருங்கியிருக்கிறது. எது வலித்தது என்று தெரிந்துவிட்டது.

மனத்தில் ஓடும்போது நினைப்புக்கு முன்பின் கிடையாது. தாளில் ஒரு நேரத்தில் ஒரு வாக்கியம்தான் எழுத முடியும், ஒன்றுக்குப் பின்தான் இன்னொன்று வர முடியும். இந்தக் கட்டாயமே வேலையில் பாதியைச் செய்துவிடுகிறது. உணர்ச்சிக்குப் பெயர் வைப்பதற்கும் பங்குண்டு. 2007-இல் மேத்யூ லீபர்மன் கலிபோர்னியாவில் செய்த மூளைப் படச் சோதனையில், கோபமோ பயமோ தெரியும் முகங்களைப் பார்த்து அது என்ன உணர்ச்சி என்று சொல்லால் குறித்தபோது, மூளையில் அபாய மணி அடிக்கும் அமிக்டலா பகுதியின் துடிப்பு தணிந்தது. 2001-இல் கிளைனும் போல்ஸும், மனத்திலிருப்பதை எழுதிய மாணவர்களின் செயல் நினைவாற்றல் சில வாரங்களில் கூடியதைக் கண்டார்கள். தொல்லை தரும் நினைப்பு அடைத்துக்கொண்டிருந்த இடம் காலியானதன் அடையாளமாக அதை எடுத்துக்கொண்டார்கள்.

அசைபோடும் ஆபத்து

எழுத்து நகராமல் ஒரே இடத்தில் சுற்றினால் நன்மைக்குப் பதில் தீமையே வரும். நடந்ததையே அசைபோடுகிறவர்களைப் பற்றி சூசன் நோலன்-ஹோக்செமா நீண்ட காலம் ஆராய்ந்தார். 1989 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் பெரிய நிலநடுக்கம் வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களின் மனப்பாங்கை வேறொரு காரணத்துக்காக அவர் அளந்து வைத்திருந்தார். நிலநடுக்கத்துக்குப் பின் மறுபடி பார்த்தபோது, ஏற்கெனவே அசைபோடும் பழக்கமுள்ளவர்களிடம்தான் மனச்சோர்வு அதிகமிருந்தது, பல வாரங்களுக்குப் பிறகும்.

இப்படிப்பட்டவர்கள் கையில் பேனாவைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2013-இல் டேவிட் ஸ்பாரா குழுவின் ஆய்வு பதில் சொன்னது. மணவாழ்க்கை முறிந்து துணையைப் பிரிந்த 90 பேர் அதில் பங்கெடுத்தார்கள். ‘எனக்கு ஏன் இப்படி ஆயிற்று’ என்று ஏற்கெனவே காரணம் தேடித் தேடி ஓய்ந்தவர்கள், அதையே ஆழமாக எழுதியபோது தேறுவது தாமதமானது. அன்றாடம் என்ன செய்தோம் என்று மட்டும் எழுதச் சொல்லப்பட்ட அதே மாதிரி ஆட்கள் அவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். பல வருடமாக டைரி எழுதியும் மனம் ஆறாதவர்கள் பழைய பக்கங்களைப் புரட்டினால், தேதி மட்டும் மாறி வாக்கியம் மாறாமலிருப்பதைப் பார்க்கலாம். அவர்கள் எழுத்தை நிறுத்துவது அல்லது முறையை மாற்றுவது நல்லது. தன்னையே மூன்றாம் மனிதராக வைத்து, தன் பெயரைச் சொல்லி, ‘அவளுக்கு அன்று என்ன தோன்றியது’ என்று எழுதுவது ஒரு வழி. ஈதன் கிராஸ், ஓஸ்லெம் அய்டுக் ஆகியோரின் ஆய்வுகள் இப்படி எட்ட நின்று பார்ப்பதால் கொந்தளிப்பு குறைவதைக் காட்டியிருக்கின்றன.

அதிர்ச்சி நடந்த மறுநாளே எழுத உட்காரவும் கூடாது. எதை எழுதினால் தன்னால் தாங்க முடியாது என்று தோன்றுகிறதோ அதை எழுத வேண்டாம், வேறொன்றை எழுதலாம் என்று பென்னிபேக்கரே சொல்லிவந்தார். பல வாரம் தூக்கமும் பசியும் கெட்டு, சாக வேண்டும் என்ற நினைப்பு வருகிறதென்றால் அது நோட்டுப் புத்தகத்தோடு தனியே வைத்துக்கொள்ளும் விஷயமில்லை. இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

நாளைய பயம்

இன்னும் நடக்காததைப் பற்றிய பயத்துக்கு வேறு முறை. 2011-இல் ஜெரார்டோ ரமிரெஸும் சியான் பைலாக்கும், தேர்வுக்குச் சற்று முன் 10 நிமிடம் அந்தத் தேர்வைப் பற்றிய பயத்தை எழுதச் சொன்னார்கள். பள்ளி மாணவர்களில் தேர்வு என்றாலே நடுங்குகிறவர்களுக்கு இதனால் மதிப்பெண் கூடியது. நடுக்கமில்லாதவர்களுக்குப் பெரிதாக மாறவில்லை. தேர்வு அறை வாசலில் கடைசி நிமிடம் வரை நோட்டைப் புரட்டும் நம் பிள்ளைகளுக்கு இது கேட்க விசித்திரமாக இருக்கும்.

கவலைக்கென்று ஒரு நேரம் ஒதுக்கும் முறையை 1983-இல் தாமஸ் போர்க்கோவெக் குழு சோதித்தது. பகலில் எப்போது கவலை வந்தாலும் அப்போது அதில் இறங்காமல் தள்ளிவைத்து, தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து அதையே கவலைப்பட வேண்டும். தள்ளிவைக்க ஒரு சீட்டில் குறித்துக்கொள்வது உதவுகிறது. மாலை 6 மணிக்குச் சீட்டை எடுத்துப் பார்க்கும்போது காலையில் பயமுறுத்தியதில் பல அதற்குள் தானாகவே தீர்ந்திருக்கும்.

மனநல மருத்துவர்கள் அதிகம் பயன்படுத்துவது ஃபிலடெல்பியாவின் ஆரோன் பெக் பிரபலப்படுத்திய கட்டம் போட்ட தாள். 1979-இல் வந்த அவர் குழுவின் புத்தகத்தில் அது 5 பத்திகளாக இருக்கிறது: நடந்தது என்ன, என்ன உணர்ச்சி, அந்த நொடியில் தானாக ஓடிய நினைப்பு எது, அதற்கு நியாயமான மறுமொழி என்ன, இப்போது உணர்ச்சி எவ்வளவு. இரவு 9 மணிக்கு மேனேஜரிடமிருந்து ‘நாளைக்குக் காலையில வந்து பாருங்க’ என்று வாட்ஸ்அப் வருகிறது. உணர்ச்சி: பயம், 90 சதவீதம். தானாக ஓடிய நினைப்பு: வேலை போகப்போகிறது. மறுமொழிப் பத்தியில் எழுத வேண்டியவை: போன மாதம் இப்படிக் கூப்பிட்டது லீவு கணக்கு கேட்க, அதற்கு முன் கூப்பிட்டது புதுப் பையனுக்கு வேலை சொல்லித்தர, வேலையை விட்டு அனுப்புவதாக இருந்தால் கடிதம்தான் வரும். கடைசிப் பத்தியில் பயம் 40. பூஜ்யம் ஆகாது. அந்தத் தாள் ‘எல்லாம் நல்லபடியா நடக்கும்’ என்று தேற்றுவதில்லை. மனம் எதை வைத்து முடிவுக்குத் தாவியது என்று கேட்கிறது, அவ்வளவுதான்.

கிழித்துப் போடுவது

எழுதிய தாளை என்ன செய்வது என்பதிலும் விஷயமிருக்கிறது. 2013-இல் பப்லோ பிரின்யோல், ரிச்சர்டு பெட்டி ஆகியோர் ஸ்பெயினில் பள்ளி மாணவர்களிடம் அவரவர் உடல் தோற்றத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். சிலர் பிடித்ததை எழுதினார்கள், சிலர் பிடிக்காததை. தாளைக் குப்பைக்கூடையில் போட்டவர்களை அந்த எழுத்து பிறகு பாதிக்கவில்லை, வைத்துக்கொண்டவர்களைப் பாதித்தது. நல்லதை எழுதித் தூக்கிப் போட்டவர்களுக்கு நல்லதும் பலமிழந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். கணிப்பொறியில் எழுதிக் குப்பைத்தொட்டிப் படத்துக்குள் இழுத்துப் போட்டாலும் பலித்தது. போட்டதாக மனத்தில் கற்பனை செய்துகொண்டது பலிக்கவில்லை.

2024-இல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் கனாயா யூதாவும் கவாய் நொபுயுகியும் கோபத்தை வைத்து இதைப் பார்த்தார்கள். மாணவர்கள் எழுதிய கருத்துக்கு வேண்டுமென்றே குறைந்த மதிப்பெண் போட்டு, இளக்காரமான ஒரு குறிப்பும் சேர்த்துக் கொடுத்தார்கள். அதைப் படித்ததும் தோன்றியதை அவர்கள் எழுத வேண்டும். தாளைக் கசக்கிக் குப்பையில் எறிந்தவர்களுக்கும், துண்டுதுண்டாக வெட்டும் இயந்திரத்தில் போட்டவர்களுக்கும் கோபம் ஏறக்குறைய பழைய நிலைக்கு இறங்கியது. மேசையிலோ பெட்டியிலோ வைத்தவர்களுக்கு அவ்வளவாக இறங்கவில்லை. நகோயாவுக்குப் பக்கத்தில் கியோசு என்ற ஊரின் ஹியோஷி கோயிலில், கோபமூட்டியதை நினைத்துச் சிறு தட்டுகளை உடைக்கும் சடங்கு உண்டு; ஆய்வாளர்கள் அதையும் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் நடப்பது இதிலிருந்து கொஞ்சம் மாறுபட்டது. அங்கே குறையை வெள்ளைத் தாளில் மனுவாக எழுதி, சாமி பாதத்தில் வைத்து வாங்கி, முனியப்பர் சன்னதியில் கட்டிவிட்டு வருகிறார்கள். அதற்குப் பிராது கட்டுதல் என்று பெயர். வேண்டியது நிறைவேறினால் மறுபடி போய்ப் பிராதை ராஜினாமா செய்ய வேண்டும். இதை யாரும் ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்ததாகத் தெரியவில்லை. ஆனால் காணாமல் போன நகையோ திருப்பித் தராத கடனோ, யார், எங்கே, என்ன நடந்தது என்று வரிசையாக எழுத வேண்டியிருக்கிறது. எழுதியதை இன்னொரு இடத்தில் ஒப்படைக்க முடிகிறது. இனி அவர் பார்த்துக்கொள்வார் என்று திரும்பி வர முடிகிறது. மேலே சொன்ன சோதனைகள் தனித்தனியாகப் பார்த்தவை அங்கே ஒரே காரியத்தில் சேர்ந்திருக்கின்றன.

தூக்கிப் போடுவது நேற்று கேட்ட சுடுசொல்லுக்கும் இன்றைய எரிச்சலுக்கும் சரிவரும். பல வருடக் காயத்தை ஒரு தடவை எழுதிக் கசக்கி எறிந்தால் தீர்ந்துவிடும் என்பதற்கு ஆதாரமில்லை. அதற்கு அந்த 4 நாள் வேலை வேண்டும்.

கையால் எழுதுவதா, போனில் தட்டுவதா என்ற கேள்வி பலருக்கு வருகிறது. ஆய்வுகள் இரண்டு விதமாகவும் நடந்திருக்கின்றன. எது கைக்கு வருகிறதோ அது போதும். இரவில் போனை எடுத்தால் வாட்ஸ்அப்பும் கூடவே திறந்துகொள்ளும் என்பதுதான் நடைமுறைச் சிக்கல். அதைவிடப் பெரிய சிக்கல், வேறு யாராவது படித்துவிடுவார்களோ என்ற பயம். ஒரே பீரோவை 5 பேர் திறக்கிற வீட்டில் எதையும் ஒளித்துவைக்க முடியாது. மாமியார் கண்ணிலோ பிள்ளைகள் கண்ணிலோ படும் என்று தெரிந்தால் பேனா தானாகவே பூசி மெழுகத் தொடங்கிவிடும். ஆய்வுகளில் எழுதியவர்களுக்குப் பெயர் வெளியே வராது என்று முதலிலேயே உறுதி சொல்லியிருந்தார்கள். அந்த உறுதி கிடைக்காத வீட்டில், எழுதி முடித்த கையோடு தாளைக் கிழித்துவிடலாம். டல்லஸ் மாணவர்களும் எழுதியதை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. அங்கேயே கொடுத்துவிட்டுத்தான் போனார்கள்.